மாரிக்கு ஓடாத பிள்ளை

“பிள்ளை வெயிலுக்கு நல்லா ஓடும். மாரிக்கு நிண்டிடும்.”

பழைய எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக் சொல்வதுபோல, எங்கள் மேலதிகாரி இதைத் தலைமை எழுதுநரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. நான் அறிக்கையோடு வெளியே நின்றேன். என்னைக் கண்டதும் கொஞ்சமாவது சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“கேட்டிட்டியளோ? நல்லதாப் போச்சு. இனி வேறையாச் சொல்லத் தேவையில்லை,” என்றார். “தை பிறக்கட்டும், பாப்பம். மாரி முழுக்க வயலுக்கு ஒழுங்கா வந்தியளெண்டால் இந்தப் பிரிவு உங்களுக்குத்தான். வராட்டி யாழ்ப்பாணத்திலை ஒரு மேசை இருக்கு, கொம்பியூட்டர் இருக்கு. நனையத் தேவையில்லை.”

நான் விவசாயப் போதனாசிரியர். வீடு நீர்வேலியில். வேலை கரவெட்டிப் பக்கத்து வயல்களிலும் தோட்டங்களிலும். போய்வருவது மோட்டார் சைக்கிளில். முன்பு அந்தப் பிரிவைப் பார்த்தவர் ஓய்வுபெற்றதால் அதைத் தற்காலிகமாக என்னிடம் தந்திருந்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளுக்கும் நான் கரவெட்டியையே ஆளுகிறவள்.

அப்பா மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர். அம்மா ஒதுங்கினார்; மழை விட்டதும் திரும்பி வந்துவிட்டார். அப்பா மற்றவர்களின் வாழைத் தோட்டங்களில் கொத்துகிறார், அம்மா வெங்காயம் பிடி கட்டப் போகிறார். இந்த வீட்டிலிருந்து டிப்ளோமா வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் எழுத்து என்று எதைக் கண்டாலும் உரத்து வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மின்சார பில், மருந்துப் போத்தல், பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதம், உரப்பையின் முதுகு. யாரும் கேட்க வேண்டியதில்லை. வாசித்தால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று உறுதியாக நம்பினேன்.

ஆகவே, மாரியையும் வாசித்துத்தான் வெல்வது என்று முடிவுசெய்தேன்.

அதுவரை என்னிடம் இருந்தது அரைச் சிரட்டை போன்ற ஒரு தலைக்கவசம். முகம் முழுக்க வெளியே. சின்னத் தூறலில்கூட ஒவ்வொரு துளியும் யாரோ குறுணிக்கல் எறிவதுபோல அடிக்கும். மழை அங்கி என்று ஒன்றுமே இல்லை. ஆவணி மாதம் முழுவதும் கைத்தொலைபேசியில் வாசித்தேன். ஒரு கொப்பியில் கோடு கீறி எழுதினேன்: தரச் சின்னம் இருக்க வேண்டும். நாடிப் பட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். கன்னத்தை அமத்திப் பிடிக்க வேண்டும். தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக் கூடாது. மழைக்குக் கறுப்புக் கண்ணாடி கூடாது, வெள்ளைக் கண்ணாடிதான். ஒருமுறை பலமாக அடிபட்டதைப் பிறகு பாவிக்கக் கூடாது. மழை அங்கியின் தையல்களில் உட்பக்கம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். அகன்ற போர்வைபோன்ற அங்கி வேண்டாம். காற்றில் பறந்து சங்கிலிக்குள் போகும். இப்படி நான்கு பக்கங்கள். அவற்றில் வேர்வை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஆவணிக் கடைசியில் சுன்னாகத்தில் ஒரு கடைக்குப் போனோம். சந்தைக்கு வாழைக்குலை ஏற்றி வந்த அப்பா, வாழைக் கயர்க் கறை படிந்த அதே சட்டையோடு என்னுடன் உள்ளே வந்தார். தலைக்கவசங்கள் கூரையிலிருந்து தொங்கின. அப்பா ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

“அண்ணை, எல்லாம் முத்தினதுதான். பயப்பிடாமல் எடுங்கோ,” என்றார் கடைக்காரர்.

பூசணிக்காய்க்குச் செய்வதைத்தான் அப்பா செய்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் என் கொப்பியை எடுத்து விரித்தேன். அதைப் பார்த்த கடைக்காரர் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்தாரோ தெரியவில்லை, கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

முகம் முழுவதையும் மூடும் கவசம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கன்னங்கள் இரண்டும் நடுவுக்கு வந்து, உதடுகள் மீன்வாய் மாதிரிக் குவிந்தன. தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அது என்னோடு சேர்ந்தே ஆடியது.

“உது நல்லம்,” என்றார் அப்பா. “ஆனா ஒரு சைஸ் பெரிசா எடு, பிள்ளை.”

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கியதில்லை. ஆறாம் வகுப்பில் எடுத்த வெள்ளைச் சட்டையின் மடிப்பை ஒன்பதாம் வகுப்பு வரை அவிழ்த்து அவிழ்த்து நீட்டினோம். சப்பாத்தின் முனைக்குள் கடதாசி அடைத்துக்கொண்டு நடந்தவள் நான்.

“அப்பா, எனக்கு இருபத்தேழு வயது. தலை இனி வளராது.”

“இவ்வளவு படிச்சும் வளரேல்லையோ?”

கடைக்காரர் திரும்பி நின்று சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இறுக்கமாக இருக்க வேண்டிய காரணத்தைக் கொப்பியிலிருந்து வாசித்தேன்.

“தங்கச்சி சொல்லுறது சரி, அண்ணை,” என்றார் கடைக்காரர். “தங்கச்சி, உதைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் இஞ்சை நில்லுங்கோ. நெத்தி நோகாட்டி எடுங்கோ.”

நின்றேன். நெற்றி நோகவில்லை. வெற்றியோடு மழை அங்கிப் பக்கம் திரும்பினேன். அங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது.

அவர் இரண்டு சோடி காட்டினார். ஒன்று மெல்லியது, முதுகில் ஒரு மடிப்பும் அதற்குக் கீழே வலையும் வைத்து, காற்றுப் போக வழிவிட்டுத் தைத்தது. மற்றது தடித்த இறப்பர். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லா இடமும் இலாஸ்டிக் இறுக்கியது. வாழைப்பழ மஞ்சள் நிறம்.

“மெல்லிசை எடுங்கோ, தங்கச்சி. மற்றதுக்குள்ளை வேர்க்கும். எங்கடை மழை குளிரில்லாத மழை.”

ஓட்டையுள்ள மழை அங்கியை எனக்கு விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இறப்பர் அங்கியின் கழுத்தில் தொங்கிய ஆங்கில அட்டையை எடுத்து, மேலிருந்து கீழ்வரை வாசித்து, தமிழிலும் சொன்னேன். ஒரு துளிகூட உள்ளே வராதாம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். அப்பா பெருமையாகக் கேட்டார். எனக்கு அப்பா கேட்டதே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தலைக்கவசத்தை வாங்கினார். இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அது வந்த பொலித்தீனை இழப்பதில்லை. தொலைக்காட்சியின் ரிமோட் ஆறு வருடமாகப் பைக்குள் இருக்கிறது. கதிரைகளின் முதுகில் உறை. சுவர் மணிக்கூட்டின் முகத்தில் உறை. என் டிப்ளோமாச் சான்றிதழுக்கு லமினேற்றிங், அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் சட்டத்தின் கண்ணாடி. மூடியிருக்கும்வரை அது புதுப் பொருள். உறையைக் கழற்றிய அன்றே பழசு. மூன்று வீடு தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இருக்கையின் பொலித்தீன் மஞ்சளாகிக் கிழிந்து தொங்குகிறது. இன்னமும் அவர்கள் அதைப் புதுச் சைக்கிள் என்றுதான் சொல்கிறார்கள்.

தலைக்கவசக் கண்ணாடியின் மேல் மெல்லிய உறை ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மூலை கிளம்பியிருந்ததை அம்மாவின் விரல் கண்டுபிடித்தது.

“உதைக் கிழிச்சுப் போடாதை. கண்ணாடி கீறுப்படும்.”

“எனக்குத் தெரியாதே, அம்மா?” என்று சொல்லி, நானே அந்த மூலையை நகத்தால் அழுத்தி, ஒரு சிறு துண்டு ஒட்டும் நாடாவும் வைத்தேன்.

இந்த இடத்தை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கலாம். நான் வைத்திருக்கவில்லை.

புரட்டாதியும் ஐப்பசியின் முற்பகுதியும் வெயிலாகவே போயின. தினமும் நீர்வேலியிலிருந்து புத்தூர், அச்சுவேலி, வல்லை வெளி, நெல்லியடி என்று பறந்து போனேன். அந்த உறை மெல்ல மெல்லப் புழுதி குடித்து, கீறுப்பட்டு, மங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு முதலிலேயே தெரிவது குறைவு.

ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. முதல் பெருமழை அன்று இறப்பர் அங்கிக்குள் இறங்கி, எல்லா இலாஸ்டிக்கையும் இழுத்துவிட்டு, முற்றத்தில் நின்றேன். “கப்பல் பழம் மாதிரி இருக்கிறாய்,” என்றார் அம்மா, பெருமையோடுதான். பழுத்த வாழைப்பழத்துக்கு எங்கள் ஊரில் மதிப்பு அதிகம்.

அச்சுவேலி வரை சமாளித்தேன். அதற்கு அப்பால் வல்லை வெளி. இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று பக்கவாட்டில் வந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளியது. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல ஆனது. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு இரண்டும் கரைந்து ஒரே வெளிச்சமாக வழிந்தன. தெருவும் தண்ணீரும் ஒன்றாகின. கண்ணாடியைத் தூக்கினால் மழை கண்ணுக்குள் குத்தியது.

நான் வாசித்திருக்கிறேன்: மூச்சுப் பட்டால் கண்ணாடி பனி படர்ந்ததுபோலப் புகார் பிடிக்கும். ஆகவே மூச்சைப் பிடித்தேன். வல்லை வெளியை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்க முயன்ற முதல் ஆள் அனேகமாக நானாகத்தான் இருப்பேன். இருபது எண்ணும்வரை தாங்கியது. பிறகு முன்னைவிடப் பெரிய மூச்சு வந்து, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மூடியது. இரண்டு காலையும் தெருவில் ஊன்றி ஊன்றி ஓட்டினேன்.

தலையில் சொப்பிங் பையைக் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகிறபோக்கில் திரும்பிப் பார்த்து, “என்ன தங்கச்சி, பெற்றோல் முடிஞ்சுதோ?” என்று கேட்டார். வாயைத் திறக்க வழியில்லை. மறுபடியும் மூச்சைப் பிடித்திருந்தேன்.

அலுவலகத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அங்கியைக் கழற்றியபோது சட்டையைப் பிழிந்திருக்கலாம். மேலதிகாரி வாசலில் நின்றார்.

“நனைஞ்சுதான் போனியள்.”

“இல்லை சேர். இது வேர்வை.”

அவர் வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வேர்வையோ?”

“ஓம் சேர்.”

மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அதைவிட ஏசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் புகாரோடு போராடினேன். கண்ணாடியில் சவர்க்காரம் பூசினால் புகார் பிடிக்காது என்று வாசித்து, பூசினேன். மழை பட்டதும் நுரை பொங்கி வழிந்து, புத்தூர்ச் சந்தியில் ஒரு பிள்ளை தாயிடம் என்னைக் காட்டியது. பற்பசை தேய்த்தேன். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தேன். ஷாம்பு தேய்த்தேன். “கறிதான் மிச்சம்,” என்றார் அம்மா. ஒவ்வொன்றையும் அந்த உறையின் மேல்தான் பூசினேன். ஒருநாளாவது அதைப் பற்றி நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உறை வேறு, பொருள் வேறு என்று தோன்றாது.

தினமும் பிந்தினேன். மேலதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. தலைமை எழுதுநர் மட்டும் ஒருநாள், “மேசை நல்ல மேசையாம், பிள்ளை. சன்னலுக்குப் பக்கத்திலை,” என்றார்.

அதற்குள் மூன்று நாள் விடாமல் பெய்து வயல்களில் தண்ணீர் நின்றது. பயிர் அழிவைப் பார்க்க மேலதிகாரியே வருவதாகச் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு என் பிரிவில் உள்ள ஒரு விவசாயியின் வீட்டடியில் நான் நிற்க வேண்டும். வயல்களை நான்தான் காட்ட வேண்டும். அந்த வீட்டுக்காரி ஐம்பது வயதிருக்கும் அக்கா. நெல்லும் செய்கிறார், வளவுக்குள் வாழையும் வைத்திருக்கிறார். புரட்டாதித் தொடக்கத்தில்தான் அவருடைய வளவில் பத்துப் பெண்களைக் கூட்டி, வாழைக்குலைக்கு உறை கட்டும் முறையைப் படம் காட்டி, இரண்டு மணித்தியாலம் விளக்கியிருந்தேன்.

ஏழு மணிக்கே வெளிக்கிட்டேன். போய்ச் சேர ஒன்பதே முக்கால். படலை வாசலில் அக்கா மட்டும் நின்றார், உரப்பையை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டபடி.

“உங்கடை பெரியவர் ஜீப்பிலை வந்து போட்டார், மிஸ். அரை மணித்தியாலம் நிண்டு பாத்தவர்.”

“என்ன சொன்னவர்?”

“வெள்ளிக்கிழமை திரும்ப வாறாராம். அண்டைக்கும் நீங்கள் இல்லையெண்டால் வேறை ஆளைப் போடுறாராம்.” தலையிலிருந்த உரப்பையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “எனக்கு வேறை ஆள் வேண்டாம், மிஸ். புது ஆள் வந்தா எல்லாத்தையும் முதலிலையிருந்து நான்தானே சொல்லிக் குடுக்கவேணும்.”

நான்தான் இவ்வளவு காலமும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

தாழ்வாரத்தில் போய் விழுந்ததுபோல உட்கார்ந்தேன். தலைக்கவசத்தை மடியில் வைத்து, அங்கியின் கழுத்துச் சிப்பை இழுத்தேன். திறந்ததும் உள்ளேயிருந்து ஆவி எழுந்தது, புட்டுக்குழலைத் திறந்ததுபோல. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

“மிஸ், கோவிக்கக் கூடாது. ஒண்டு கேக்கட்டே?”

“கேளுங்கோ, அக்கா.”

“குலைக்கு உறை கட்டேக்கை கீழ்ப்பக்கம் திறந்து விடவேணும் எண்டனீங்கள். காத்துப் போகாட்டி உள்ளுக்கு வேர்த்துக் குலை அழுகும் எண்டனீங்களோ இல்லையோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் ஏன் மேலையும் கீழையும் கட்டிக்கொண்டு வாறியள்? உள்ளுக்குப் பழுக்கப் போறியளோ?”

அந்தப் பத்துப் பெண்களின் முன்னால் உறையின் அடிப்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டியது இதே கை. அதற்கு முதல் வாரம்தான் சுன்னாகத்தில் அந்த இறப்பர் அங்கியை எடுத்திருந்தேன்.

அக்கா அதோடு நிற்கவில்லை. மடியிலிருந்த தலைக்கவசத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். நான் வைத்த ஒட்டும் நாடா விட்டுப்போய், மூலை கிளம்பி ஆடிக்கொண்டிருந்தது.

“உதுக்கும் உறையோ?”

“அது கண்ணாடி கீறுப்படாமல்...” என்று தொடங்கினேன். என் வாயிலிருந்து அம்மாவின் குரல் வந்ததுபோல இருந்தது. பாதியில் நிறுத்தினேன்.

“கிழிக்கட்டே?” என்று கேட்டவர், நான் ஓம் சொல்லுமுன்பே இழுத்துவிட்டார்.

சவர்க்காரம், பற்பசை, கிழங்குச் சாறு, புழுதி, என் இரண்டு வாரப் போராட்டம் எல்லாம் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. கீழே இருந்த கண்ணாடியில் அக்காவின் வளவு முழுவதும் தெரிந்தது. நான் ஆவணியில் வாங்கிய பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

உறையின் கீழ் விளிம்பில் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது. பாவிக்க முன் அகற்றவும்.

“என்ன எழுதிக்கிடக்கு, மிஸ்?” என்று அக்கா கேட்டார்.

“கம்பனிப் பேர்,” என்றேன்.

வாழ்க்கையில் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். பொய்யாக வாசித்தது அது ஒன்றுதான்.

அன்றே சுன்னாகத்துக்குப் போனேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை.

“மற்றதைத் தாங்கோ,” என்றேன்.

“எது மற்றது?”

“காத்துப் போறது.”

எடுத்துத் தந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பையில் போடும்போது மட்டும், “அட்டை வாசிக்கேல்லையோ, தங்கச்சி?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். இறப்பர் அங்கியை அம்மா விறகுக்குப் போர்த்தினார். விறகு திறமாக இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை காலை மழை இன்னும் மோசம். ஏழு மணிக்கே புறப்பட்டேன். கண்ணாடியை ஒரு விரல் அகலம் தூக்கி வைத்தேன். மூச்சு அதனால் வெளியே போனது. முதுகு மடிப்புக்குள்ளால் காற்று வந்தது. கழுத்தடியில் கொஞ்சம் நனைந்தேன். வல்லை வெளியில் காற்று பழையபடி தள்ளியது. வேகமாக ஓடினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் குழி எது, தண்ணீர் எது, தெருவின் கரை எது என்று தெரிந்தது. தண்ணீருக்குள் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நின்றன. அவை எப்போதும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அந்தச் சைக்கிள்காரரை முந்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அன்று பார்த்து அவர் வரவில்லை.

எட்டேகாலுக்கு அக்காவின் தாழ்வாரத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது கடந்து கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி வந்தார், நடந்து. ஒழுங்கையில் தண்ணீர் ஏறியிருந்ததால் ஜீப்பைப் பெரிய தெருவில் விட்டிருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, ஒரு கையில் சப்பாத்து, மறுகையில் காற்றில் மறுபக்கம் புரண்ட குடை.

“பஸ்ஸிலையோ வந்தனீங்கள்?”

“இந்த ஒழுங்கைக்கு பஸ் வராது, சேர்.”

படலையடியில் சேறோடு நின்ற என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். “இண்டைக்கு வேர்க்கேல்லைப் போலை,” என்றார்.

வரம்பு வரம்பாக நடந்தோம். எந்த வயல் யாருடையது, எது பிழைக்கும், எது பிழைக்காது என்று நான் சொல்ல, அவர் எழுதினார். இரண்டு இடத்தில் என்னை அக்கா திருத்தினார். போகும்போது மேலதிகாரி பாராட்டவில்லை. “மாரி இன்னும் முடியேல்லை,” என்று மட்டும் சொன்னார்.

“தெரியும் சேர்.”

தை பிறக்கட்டும் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் தை வரை பார்த்துக்கொண்டிருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. அந்தச் சனி, ஞாயிறு வீட்டிலிருந்து, பிரிவை நிரந்தரமாகத் தரும்படி கேட்டுக் கடிதம் எழுதினேன். முதல் பிரதி இரண்டு பக்கம். குடும்பத்தில் முதலில் படித்தவள் என்பது அதில் மூன்று தடவை வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கரவெட்டியைப் பற்றி ஒண்டும் இல்லையே?” என்றார். கிழித்துவிட்டேன். இரண்டாவது பிரதியில் எந்தெந்த வயல்களுக்கு எந்தெந்த நாளில் போனேன் என்பது இருந்தது. பிந்திய நாட்களையும் எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. அதற்கு அலுவலகக் கடிதத்தில் சொல் இல்லை.

திங்கட்கிழமை நல்ல மழை. அம்மா வாழைக்குலை உறை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கடிதத்தை அதற்குள் வைத்து, மேலேயும் கீழேயும் இறுக்கிக் கட்டினேன். கடிதத்துக்கு வேர்க்காது. எட்டரைக்குத் தலைமை எழுதுநரின் மேசையில் அதை அவிழ்த்து வைத்து, பதிவு இலக்கமும் வாங்கிவிட்டேன்.